ஒரு டம்ளர் பாலுக்கு இரண்டு வயது

போன வாரம் என் மகள் நெட்டை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதோடு நிறுத்தியிருந்தேன். கவலைப்படாதீர்கள், ஒரு வாரமாக அவள் உள்ளேயே இருக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டார். எங்கள் மாடியில் மூன்று குடும்பத்துக்கும் ஒரே குளியலறை. இங்கே அழுவதற்குக்கூட முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் உள்ள நான்கு பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு பரீட்சை வைத்தார்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும். முதலாவதாக வரும் ஒரே ஒரு பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளியில் இடம். நெட்டை முதலாவதாக வந்துவிட்டாள். ‘அகதியாக வந்து பதினான்கே மாதம், பத்தே வயது, என்ன ஓர் அதிசயம்!’ என்று தலைமையாசிரியை கடிதம் எழுதியிருந்தார்.

அதிசயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது.

அந்த இரண்டு வயதைத் தின்றவள் நான். முகாமில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத்தான் தினம் ஒரு டம்ளர் பால். நெட்டைக்கு அப்போது ஆறரை. நான் நாலரை என்றேன். எழுதிக்கொண்ட குமாஸ்தா தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நம்பியிருப்பான், அவ்வளவு எலும்பாக இருந்தாள். பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு எரிந்துபோயிற்று. அவள் வயதுக்கு நான் ஒருத்திதான் சாட்சி, சாட்சியே புளுகினால் யார் என்ன செய்ய முடியும்?

ஆறு மாதம் பால் கிடைத்தது. பிறகு நின்றுவிட்டது. அந்த எழுத்து மட்டும் நிற்கவில்லை. காகிதத்துக்குக் காகிதம் தாவி, எங்களோடு நாடு கடந்து, இந்தப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த மாதம் எங்களுக்கு விசாரணை. இங்கே நிரந்தரமாக இருக்கலாமா, மூட்டையைக் கட்ட வேண்டுமா என்று அன்றைக்குத்தான் சொல்வார்கள். காகிதத்தில் ஒரு பொய் அகப்பட்டால் மீதி எல்லாமே பொய் என்பார்கள். எங்கள் மாடியின் கடைசி அறையில் இருந்த தையல்காரர் குடும்பம் அப்படித்தான் போயிற்று. அவர்கள் கதவில் பிள்ளைகள் ஒட்டிய படம் இன்னும் இருக்கிறது.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். பாராட்டு விழா நாள்.

காலை ஏழு மணிக்கே என் அண்ணன் வந்து நின்றான். கூடப்பிறந்தவன்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னாலேயே இங்கே வந்தவன். மருத்துவமனைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவன். கொடுத்ததை நாங்கள் மறந்துவிடக் கூடாதே என்று தினமும் ஞாபகப்படுத்துகிற புண்ணியவானும் அவன்தான். நம் ஆட்கள் அவனைத் தலைவர் என்பார்கள். யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

புதுக் கோட்டுப் போட்டிருந்தான். கையில் ஒரு பை.

“எங்க நம்ம ஜீனியஸ்?”

“பல் விளக்குறா.”

“நான் வந்தப்போ எனக்கு யார் இருந்தா? இப்படி ஒரு மாமா இருந்தானா?” என்று ஆரம்பித்தான். நான் டீத்தூளைத் தேடுகிற சாக்கில் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அந்தக் கதை எனக்கு மனப்பாடம். அவன் மூச்சு வாங்கும் இடம்கூடத் தெரியும்.

பையில் இருந்தது ஒரு கவுன். அவன் மகளுடையது. கழுத்துப் பட்டையில் பத்து வயதுக்கு என்று அளவு தைத்திருந்தது. நெட்டை அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கை முழங்கையைத் தாண்டி இரண்டு விரல்கட்டையோடு நின்றுவிட்டது. முதுகில் கொக்கி மாட்டவே இல்லை. காகிதத்தில் எழுதியிருப்பது உடம்புக்குத் தெரியுமா?

அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். கொஞ்சமாவது சங்கடப்படுவான் என்று நினைத்தேன்.

“கையைப் பின்னாடி கட்டிக்கோ. முட்டியை லேசா மடக்கி, தோளைக் குறுக்கிக்கோ. குனிஞ்சு நின்னா சின்னப் பொண்ணாட்டம் தெரியும்.”

நெட்டை நின்ற இடத்திலேயே கவுனைத் தலைவழியாக உருவிப் போட்டாள். உள்ளே வீட்டுச் சட்டையோடுதான் இருந்தாள்.

“நான் வரல மாமா.”

“என்னது?”

“அது சோடாபுட்டியோட இடம்.”

சோடாபுட்டி என்பது அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண். அந்த வகுப்பில் இவளோடு பேசிய முதல் பிள்ளை. கண்ணாடி அவ்வளவு தடிமன். நெட்டைதான் அந்தப் பெயரை வைத்தாள். அர்த்தத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்ளாமல், நோட்டுப் புத்தக அட்டையில் அந்தப் பெயரையே அவள் பாஷை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறதாம். பரீட்சையில் மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது அவள்தான்.

“அந்தப் பொண்ணுக்கு சொந்த வீடு இருக்கு, சொந்த நாடு இருக்கு” என்றான் அண்ணன். “இந்த ஒரு ஸ்கூல் இல்லேன்னா அவ தேஞ்சு போயிடுவாளா? உனக்கு என்னடி இருக்கு?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்கும் ஒரு நிமிடம் இனித்தது. ஆமாம், அவர்களுக்கு எல்லாம் இருக்கிறது, எங்களுக்கு இது ஒன்றாவது இருக்கட்டுமே என்றுதான் தோன்றியது.

“அவ பத்து வயசுல பத்து வயசுப் பரீட்சை எழுதினா” என்றாள் நெட்டை. “நான் பன்னிரண்டு வயசுல எழுதினேன். மூணே மார்க்தான் கூட வாங்கியிருக்கேன். எனக்கே அசிங்கமா இருக்கு.”

“வாயை மூடு! அந்த எண்ணை இந்த வீட்டுல சொல்லாதேன்னு சொல்லியிருக்கேன்ல? பக்கத்து ரூமுக்குக் கேட்கப் போகுது.”

பக்கத்து அறைக்காரருக்கு நம் பாஷையில் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் தலைவர் சொன்னால் குரலைத் தாழ்த்தத்தானே வேண்டும். கடைசியில் நான்தான் அவளை அதட்டினேன். “சும்மா போய் நின்னுட்டு வா. விசாரணை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்.” அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு நான் தகுதியானவள்தான்.

எட்டு மணிக்கு நானும் என் வீட்டுக்காரரும் வேலையில் இருந்தோம். சூடான உருளைக்குள் போய் வெளியே வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேராக மடிக்க வேண்டும். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. உதறி, இழுத்து, மடித்து, நாலு எட்டு வைத்து அவர் அருகில் போய் முனையைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நாள் முழுக்க எங்கள் குடும்பப் பேச்சு நடப்பது அந்த எட்டுகளில்தான். இயந்திரச் சத்தத்தில் கிட்டே போகும்போது ஒரு வாக்கியம், விலகும்போது வாயை மூடிக்கொள்வோம்.

என் வீட்டுக்காரர் முன்பு நில அளவைக்காரர். ஒரு கிராமத்தையே ஒரு தாளில் சுருக்கிக் கொண்டுவந்துவிடுவார். இங்கே படுக்கை விரிப்பின் நாலு மூலையை நேராக்குகிறார். எதற்கும் மறுபேச்சு இல்லை. அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இன்னிக்கு என்ன பண்றது?” என்றேன்.

“பாத்துக்கலாம்.”

விலகி வந்தேன். அடுத்த விரிப்பு. கிட்டே போனேன்.

“என்னத்தைப் பாக்கப் போறீங்க? இவ்வளவு நாளா எதைப் பார்த்துக் கிழிச்சீங்க?”

அவர் முனையை வாங்கிக்கொண்டார். இரண்டு விரிப்பு கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

“கடிதம் வந்ததுலேர்ந்து அவ அந்தப் பொண்ணு வீட்டு வழியா ஸ்கூலுக்குப் போறதில்ல. பின்பக்க ரோடு வழியா சுத்திப் போறா. தினமும் இருபது நிமிஷம் கூட நடக்குறா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பின்னாடியே போய்ப் பார்த்தேன்.”

எனக்குக் கை வழுக்கி விரிப்பு தரையில் விழுந்தது. தரையில் விழுந்த துணி மறுபடி வெளுக்கப் போக வேண்டும். அதற்குள் அண்ணன் மேற்பார்வையாளர் மேடைமேல் இருந்து கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். “இன்னிக்கு என் மருமக முதல் பரிசு வாங்குறா! அதான் என் தங்கச்சிக்குக் கை கால் ஓடல!” நாற்பது பேர் கை தட்டினார்கள். பரிசு வாங்குவது அவள், பீற்றிக்கொள்வது இவன், கை தட்டுவது முந்தாநாள்வரை எங்கள் பெயரைக்கூடக் கேட்காதவர்கள்.

மூன்று மணிக்கு விழா. பள்ளியின் பெரிய கூடத்தில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். அகதிகளுக்கான உதவிக் குழுப் பெண்கள் முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டால் அவர்கள் எல்லாருக்கும் தலை தானாக ஒரு பக்கம் சாயும். பழைய கம்பளிச் சட்டை கொடுக்கும்போதும் சாயும், வழி சொல்லும்போதும் சாயும். அந்தக் கழுத்துகளுக்கு எப்படித்தான் வலிக்காமல் இருக்கிறதோ!

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் கோப்பை வைத்திருக்கும் அதிகாரி. அடுத்த மாதம் எங்களை விசாரிக்கப் போகிற அதே மனிதர்.

“அவர் எதுக்கு இங்க?” என்று அண்ணனின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

“நான்தான் கூப்பிட்டேன்.” அவன் முகத்தில் பெருமை வழிந்தது. “கண்ணால பாக்கட்டும். இப்படி ஒரு பிள்ளை இருக்குற குடும்பத்தை எவன் திருப்பி அனுப்புவான்? மூளைன்னு ஒண்ணு இருந்தா யோசிச்சுப் பாரு.”

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.

தலைமையாசிரியை பேசினார். பெரிய படமாகத் திரையில் நெட்டையின் முகம். அடுத்து அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் ஏறினாள். வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் அவளுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். கடைசியில் சோடாபுட்டி.

என் மகள் குனிந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டி, முட்டியை மடக்கி, தோளைக் குறுக்கி. அண்ணன் காலையில் சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தாள். முகாமில் அடி விழும் வரிசையில்கூட நிமிர்ந்து நின்ற பிள்ளை. எங்களைக் காப்பாற்றுவதற்காகக் கூனிக்கொண்டு நிற்கிறாள். வேறு யாரையும் திட்டத் தோன்றவில்லை. என்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

“அம்மா இரண்டு வார்த்தை பேசணுமாம்” என்று அண்ணன் என்னை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். “நீ நம்ம பாஷைல எதையாவது சொல்லு. நான் மாத்திச் சொல்லிடுறேன்.”

அவன் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டான், என் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். எனக்கு இந்த நாட்டு பாஷையில் நன்றி மட்டும்தான் தடுக்காமல் வரும். அதைச் சொல்லவில்லை.

“நிமிர்ந்து நில்லுடி” என்றேன்.

நெட்டை திடுக்கிட்டுப் பார்த்தாள். மெல்ல நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளை விட ஒரு தலை உயரம்.

“இவளுக்குப் பன்னிரண்டு வயசு” என்றேன். “முகாமுல ஒரு டம்ளர் பாலுக்காக நான்தான் ரெண்டு வயசைக் குறைச்சுச் சொன்னேன். தப்பு என்னோடது. பிள்ளையோடது இல்ல. இந்த இடம் அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணுக்குச் சேர வேண்டியது.”

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரே விநாடிதான். தலைவர் அல்லவா, சமாளித்துக்கொண்டான். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கையை விரித்து, நீட்டி முழக்கினான். நான் பேசியதைப் போல மூன்று மடங்கு. கூடம் அதிரக் கை தட்டினார்கள். உதவிக் குழுப் பெண்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“என்னடி சொன்னான்?” என்று நெட்டையிடம் கேட்டேன்.

“இந்த நாடு உனக்குப் பெத்த தாய் மாதிரியாம். நீ தினமும் அழுதுகிட்டே நன்றி சொல்றியாம். நான் முகாமுல மண்ணுல விரலால எழுதி எழுதிப் படிச்சேனாம்.”

மண்ணில் எழுதினாளாம்! முகாமில் தரை முழுக்க சிமெண்டு. பொய் சொல்வதிலும் ஒரு லட்சணம் வேண்டாமா? நானாவது பசிக்காகச் சொன்னேன்.

“அம்மா, நீ சொன்னதை நான் சொல்லட்டுமா?”

அனுமதி கேட்டாள். அவளாகச் சொல்லியிருக்கலாம். அவள் வாயை யாரும் கட்டவில்லை. ஆனால் திருப்பி அனுப்பினால் எல்லாரையும்தான் அனுப்புவார்கள் என்று தெரிந்த பிள்ளை.

முன்வரிசையைப் பார்த்தேன். அதிகாரி எல்லாரையும் போலக் கை தட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் வீட்டுக் கதவு கண்முன் வந்தது. கடைசி வரிசையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சலவைக்கூட உடுப்போடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒரு தடவைதான், ஆனால் சந்தேகமே இல்லாமல் ஆட்டினார்.

“சொல்லு” என்றேன்.

அண்ணன் மைக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். ஐம்பது வயது ஆள், கோட்டுப் போட்டவன், மிட்டாயை ஒளிக்கிற பிள்ளை மாதிரி! என் கையில் இருந்ததை நான் நெட்டையிடம் கொடுத்தேன்.

“மாமா தப்பாச் சொல்லிட்டார்” என்று முதலில் நம் பாஷையில் சொன்னாள், அவனுக்குக் கேட்கட்டும் என்று. பிறகு அவர்கள் பாஷைக்கு மாறினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் தடுமாறவும் இல்லை.

கூடத்தில் சத்தம் அடங்கிற்று. சாய்ந்திருந்த கழுத்துகள் நேராகிவிட்டன. இவ்வளவு நாளும் எங்களைப் பார்த்து ஈரமாகிற அந்தக் கண்கள் இப்போது எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தன. ஏமாற்றிவிட்டோமாம். பட்டினியில் கிடந்தபோது இரண்டு வயது திருடியதற்கு இவ்வளவு கோபம். பாவம், அவர்களுக்கு அழுவதற்கு ஒரு நல்ல காரணம் கைவிட்டுப் போய்விட்டது.

தலைமையாசிரியை சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் முழித்தார். நெட்டை அதை வாங்கிக்கொண்டு போய் சோடாபுட்டியிடம் நீட்டினாள்.

அந்தப் பிள்ளை கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதெல்லாம் நடக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஏதோ கேட்டாள். நெட்டை தலைகுனிந்தாள். சோடாபுட்டி சான்றிதழை வாங்காமல் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

“என்ன கேட்டா?”

“எங்கிட்ட ஏன் முதல்லயே சொல்லலைன்னு கேட்டா.” இவ்வளவு நேரம் அழாதவளுக்கு அப்போதுதான் உதடு துடித்தது.

அண்ணனைக் காணவில்லை. கோட்டும் காணவில்லை. கூடத்தின் பக்கவாட்டுக் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இனி சலவைக்கூடத்தில் எங்களுக்கு வேலை இருக்குமா என்பதை அந்தக் கதவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அதிகாரி எழுந்து எங்களிடம் வந்தார். என் வீட்டுக்காரரும் அதற்குள் மேடையருகே வந்துவிட்டார். அதிகாரி என்னிடம் பேசவில்லை, நெட்டையிடம்தான் பேசினார். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. கதவு எண் கேட்கிற மாதிரி கேட்டார்.

“நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு எல்லாரும் ஆபீஸுக்கு வரணுமாம்” என்றாள் நெட்டை. “அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க முடியாதாம். பேசுறதை மாத்திச் சொல்ல ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“எங்களுக்கு ஆள் இருக்குன்னு சொன்னேன்.”

அதிகாரி சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். சின்னப் புத்தகத்தைத் திறந்துகொண்டு இன்னொன்று கேட்டார். நெட்டை என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது தவிர நம்ம காகிதத்துல வேற ஏதாவது மாத்தி எழுதியிருக்கான்னு கேக்குறார். இருந்தா இப்பவே சொல்லிடணுமாம். நாளைக்கு அவரா கண்டுபிடிச்சா அவரால ஒண்ணும் செய்ய முடியாதாம்.”

“வேற என்ன இருக்கு? ஒண்ணும் இல்லைன்னு சொல்லு” என்றேன்.

நெட்டை வாயைத் திறந்தாள். என் வீட்டுக்காரர் அவள் தோளில் கை வைத்தார்.

“இரும்மா, அப்படிச் சொல்லிடாத” என்றார். “என் பங்குக்கும் ஒண்ணு இருக்கு.”

பதினான்கு வருடமாக என்னோடு குடித்தனம் செய்கிற மனிதர், என்னிடம்கூடச் சொல்லாத ஒன்று! நெட்டை மொழிபெயர்க்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மீதி அடுத்த வாரம்.